காற்றுக்குப் பட்டா உண்டா?
(காட்டுக் கார்பன் சந்தையும் அதன் சட்டங்களும் – ஓர் எளிய பாடம்)

– மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை மாணவன்



பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். "கவிதை ஒண்ணு எழுதிக் குடுத்துட்டுப் போயேன்டா, பத்து நிமிஷ வேலை" என்றான் அறை நண்பன். எனக்குக் கவிதை வராது. சர்வே நாடா பிடிக்க வரும், கொஞ்சம் கணக்கு வரும். அதை வைத்துக்கொண்டு, இந்த ஆண்டு என்னைத் தூங்கவிடாமல் செய்த ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். கேள்வி இதுதான்: மரம் இழுத்து வைத்திருக்கும் கரி யாருக்குச் சொந்தம்? அதை விற்கும் உரிமையைக் கொடுத்தது எந்தச் சட்டம்?

பெரியப்பா கொண்டுவந்த காகிதம்

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். பதினான்கு பக்கம். முழுக்க இங்கிலீஷ்.

"டேய் தம்பி, பாலிடெக்னிக் படிக்கிறியே, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லு. மேட்டு நிலத்துல மரம் வச்சா கார்பன் கம்பெனிக்காரங்க வருஷா வருஷம் பணம் தருவாங்களாம். கன்னும் அவங்களே தர்றாங்களாம். கையெழுத்து மட்டும் போட்டாப் போதுமாம்."

படித்துப் பார்த்தேன். பாதி புரிந்தது. புரிந்த பாதியே பயமாக இருந்தது. ஒப்பந்தம் முப்பது வருஷத்துக்கு. மரத்திலிருந்து கிடைக்கும் "எல்லாச் சுற்றுச்சூழல் பலன்களும்" கம்பெனிக்குச் சேரும். இடையில் மரத்தை வெட்டினால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவேண்டும். ஆனால் ஒரு டன் கரிக்கு என்ன விலை என்று எங்கும் இல்லை.

"பெரியப்பா, இது கூட்டுப் பட்டா ஆச்சே, அத்தைக்கும் பங்கு இருக்கே, அத்தைகிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

"அவகிட்ட என்னடா கேக்கறது, மரம்தானே" என்றார்.

மரம்தானே! நண்பர்களே, உலகம் முழுவதும் காட்டுக் கார்பன் சந்தையில் நடக்கும் வழக்குகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. விடுமுறை முடிந்து வந்ததும் எங்கள் துறை ஆசிரியரிடம் போய் நின்றேன். "ஏம்ப்பா, முதல்ல விற்கிற சரக்கு என்னன்னு தெரிஞ்சுக்கோ. அப்புறம் சட்டத்தைப் பாரு" என்றார். அந்த வரிசையிலேயே நாமும் போவோம்.

முதலில் கணக்கு

மரம் காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து, அதிலுள்ள கரியைத் தண்டாக, கிளையாக, வேராக மாற்றிக்கொள்கிறது. இது பள்ளிப் பாடம். சந்தையில் விற்கப்படுவது மரம் அல்ல. காற்றில் சேராமல் நின்ற ஒரு டன் கரியமில வாயு. அதற்கு ஒரு சான்று தருகிறார்கள். அதுதான் ஒரு கார்பன் கிரெடிட்.

ஒரு மரத்தை நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போமா? தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது நாலரை அடியில், நாடாவைச் சுற்றுங்கள். சுற்றளவு 125.6 செ.மீ. என்று வைப்போம். விட்டம் 40 செ.மீ. குறுக்குப் பரப்பு 0.1257 சதுர மீட்டர். தண்டின் உயரம் 12 மீட்டர். மேலே போகப் போகத் தண்டு சிறுக்குமல்லவா? அதற்காக 0.5 ஆல் பெருக்குவோம். கன அளவு 0.754 கன மீட்டர். மரக்கட்டையின் அடர்த்தி 0.6 என்றால் தண்டின் உலர் எடை 0.452 டன். கிளைகளுக்காக 1.4 ஆல் பெருக்கினால் 0.633 டன். வேருக்குக் கால் பங்கு கூட்டினால் 0.79 டன். இதில் கரி 47 சதவீதம், அதாவது 0.372 டன். கரியின் அணு எடை 12. கரியமில வாயுவின் மூலக்கூறு எடை 44. ஆகவே 44/12 ஆல் பெருக்க, விடை சுமார் 1.36 டன் கரியமில வாயு.

பாடத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள் இவை. மர இனத்துக்கு இனம் மாறும். ஆனால் ஒன்று விளங்குகிறதல்லவா? இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க வேண்டிய ஒரு மரம் வளர்ந்து முடிந்தால் ஒரு கிரெடிட்டுக்குக் கொஞ்சம் மேலே! அதிலும் கழிவுகள் உண்டு. கன்று நட்ட மறுவருஷமே பணம் கொட்டும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன் போட்டுக் காட்டுங்கள்.

உலகச் சட்டம் நடந்து வந்த பாதை

1992இல் ரியோ டி ஜெனிரோவில் ஐ.நா. காலநிலை மாற்ற ஒப்பந்தம் நாடுகளின் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. 1997இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் அதற்கு ஒரு நெறிமுறை உருவாகி, 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பணக்கார நாடுகள் தங்கள் புகையைக் குறைக்க வேண்டும். முழுவதும் குறைக்க முடியாவிட்டால், ஏழை நாடுகளில் நடக்கும் திட்டங்களிலிருந்து கிரெடிட் வாங்கி ஈடுகட்டிக் கொள்ளலாம். 'தூய்மை வளர்ச்சி முறை' என்று அதற்குப் பெயர்.

காடுகளுக்கு அங்கே இடம் கிடைத்ததா? அரைகுறையாகத்தான். 2001இல் மொராக்கோவின் மராகேஷ் நகரில் விதிகள் வகுத்தபோது புதிதாக மரம் நடுவதற்கு மட்டும் அனுமதி தந்தார்கள். நிற்கிற காட்டை வெட்டாமல் காப்பதற்குக் கிரெடிட் இல்லை! நடும் நிலமும் 1989 டிசம்பர் 31 அன்று காடாக இருந்திருக்கக் கூடாது. ஒரு பணக்கார நாடு தன் அடிப்படை ஆண்டுப் புகையில் ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் இந்த வகையில் வாங்கக் கூடாது. 2003இல் இன்னொரு விதி வந்தது: காட்டுக் கிரெடிட் தற்காலிகமானது, காலம் முடிந்ததும் செல்லாது. மரம் எரிந்துபோகலாமே என்ற பயம்தான் காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சந்தையோ காட்டுக் கிரெடிட்டை ஏற்கவே இல்லை. விளைவு? அந்த முறையில் பதிவான திட்டங்களில் காட்டுத் திட்டங்கள் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை.

"காட்டை அழித்துவிட்டு நட்டால் காசு, அழிக்காமல் காத்தால் ஒன்றுமில்லையா?" என்ற கேள்வி எழாமல் இருக்குமா? 2005இல் மான்ட்ரியல் மாநாட்டில் பப்புவா நியூ கினியாவும் கோஸ்ட்டா ரிக்காவும் அந்தக் கேள்வியை எழுப்பின. 2007இல் பாலித் தீவு மாநாடு அதை ஏற்று வழி வகுத்தது. 2010இல் மெக்சிகோவின் கான்கூனில் 'ரெட் பிளஸ்' என்ற ஏற்பாடு வடிவம் பெற்றது. அதில் ஐந்து செயல்கள்: காடழிப்பைக் குறைத்தல், காடு நலிவதைக் குறைத்தல், இருக்கும் கரி இருப்பைக் காத்தல், காட்டை அளவறிந்து பயன்படுத்துதல், கரி இருப்பைப் பெருக்குதல்.

அங்கேயே ஏழு பாதுகாப்பு விதிகளும் சேர்ந்தன. பழங்குடியினரின் உரிமையையும் அறிவையும் மதிக்க வேண்டும், அவர்கள் முழுமையாகப் பங்கேற்க வேண்டும், இயற்கைக் காட்டை அழித்துத் தோட்டக் காடாக்கக் கூடாது என்பவை அவற்றில் சில. 2013இல் வார்சா மாநாடு, அளவிடுதல் சரிபார்த்தல் ஆகியவற்றுக்கான விதிகளைத் தந்தது.

2015இல் பாரிஸ் ஒப்பந்தம். அதன் 5ஆம் பிரிவு காடுகளைப் பற்றியது. 6ஆம் பிரிவு நாடுகளுக்கிடையேயான கார்பன் வியாபாரம் பற்றியது. 6ஆம் பிரிவின் விதிநூல் 2021இல் கிளாஸ்கோவில் பெரும்பாலும் எழுதப்பட்டு, 2024இல் பாக்கு மாநாட்டில் முழுமை பெற்றது.

இது அரசுகளின் பாதை. இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பாதையும் ஓடுகிறது. அதுதான் தன்விருப்பச் சந்தை. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமலே கம்பெனிகள் தங்கள் பெயருக்காகக் கிரெடிட் வாங்குகின்றன. தனியார் தர அமைப்புகள் சான்று தருகின்றன. கென்யாவின் கசிகாவ் காட்டுத் திட்டம் 2011இல் இந்த முறையில் கிரெடிட் பெற்றது. காடழிப்பைத் தடுத்ததற்காக அப்படிப் பெற்ற முதல் திட்டம் அதுதான். பெரியப்பாவிடம் வந்த காகிதமும் இந்தப் பாதையில் வந்ததே. நிலம் பட்டா நிலம்தான்; ஆனாலும் சந்தைக் கணக்கில் அது 'காடு வளர்ப்பு' வகையில்தான் சேரும்.

நான்கு முடிச்சுகள்

எந்த நாட்டுச் சட்டமானாலும் அவிழ்க்க வேண்டிய முடிச்சுகள் நான்கு. தேர்வுக்குப் படிப்பதுபோல மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: கூடுதல் பலன். இந்தப் பணம் வராவிட்டாலும் அந்தக் காடு நின்றிருக்குமா? நின்றிருக்கும் என்றால் கிரெடிட் பொய். "நான் உன் வீட்டில் திருடாமல் இருந்தேன், அதற்குக் காசு கொடு" என்று கேட்பதுபோல! ஆனால் 'என்ன நடந்திருக்கும்' என்பதை யார் கண்டது? அதை ஊகித்து ஓர் 'அடிப்படைக் கோடு' போடுகிறார்கள். கோட்டை மேலே தூக்கிப் போட்டால் கிரெடிட் பெருகும். 2023 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆறு நாடுகளில் 26 திட்டங்களை, அவற்றைப்போன்ற வேறு காடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலான திட்டங்கள் காடழிப்பைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை என்று தெரிந்தது. சந்தை ஆடிப்போனது.

இரண்டு: நிலைப்பு. கரியமில வாயு காற்றில் நூற்றாண்டுகள் தங்கும். மரம் அப்படித் தங்குமா? தீ, புயல், கோடரி... எதுவும் வரலாம். ஆஸ்திரேலியாவின் 2011ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு நேரடியாக விடை சொல்கிறது. 25 வருஷம் அல்லது 100 வருஷம், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு. 25 என்றால் கிரெடிட்டில் 20 சதவீதம் பிடித்தம். இரண்டுக்கும் பொதுவாக ஆபத்துக்கென்று 5 சதவீதம் பிடித்தம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 100 வருஷப் பொறுப்பு. கூடவே எல்லாத் திட்டங்களும் ஒரு பங்கு கிரெடிட்டைப் பொதுப் பெட்டியில் போட வேண்டும். ஒரு காடு எரிந்தால் பெட்டியிலிருந்து ஈடுகட்டுவார்கள். நம் ஊர் சீட்டுக்குக் காப்புத்தொகை வைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மூன்று: கசிவு. இந்தக் காட்டில் வெட்டக்கூடாது என்று வேலி போட்டால், விறகுவெட்டி அடுத்த காட்டுக்குப் போய்விடுவான். ஓட்டைக் குடத்தின் ஒரு பக்கத்தை மட்டும் அடைத்த கதை. அதனால்தான் ஐ.நா. ஏற்பாடு ஒரு காட்டை மட்டும் பார்க்காமல் நாடு முழுவதையும் ஒரே கணக்கில் பார்க்கச் சொல்கிறது.

நான்கு: இரட்டைக் கணக்கு. ஒரு டன்னை விற்ற நாடும் "நான் குறைத்தேன்" என்கிறது, வாங்கிய நாடும் "நான் குறைத்தேன்" என்கிறது. இரண்டு பேர் பாஸ்புக்கிலும் ஒரே பணம் வரவாக ஏறலாமா? கூடாது. விற்ற நாடு தன் கணக்கில் அந்த டன்னைக் கழித்து எழுத வேண்டும் என்பதே பாரிஸ் ஒப்பந்தம் 6ஆம் பிரிவின் உயிர்நாடி. அப்படியானால் காட்டுக் கரியை வெளிநாட்டுக்கு விற்கும் நாடு, தன் சொந்த வாக்குறுதியை நிறைவேற்ற வேறு வழி தேட வேண்டும். விலைக்கு விற்றது இலவசமல்ல, நண்பர்களே!

கரி யாருக்குச் சொந்தம்?

இனிதான் பெரியப்பாவின் கேள்விக்கு வருகிறோம். நிலம் ஒருவருக்கு, மரம் ஒருவருக்கு, மரத்தில் உள்ள கரி இன்னொருவருக்கு என்று பிரிக்க முடியுமா?

முடியும் என்று சட்டமாகவே எழுதியது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், 1998இல். கரியைப் பிடித்துவைக்கும் பலனைத் தனி உரிமையாக்கி, நிலப் பதிவேட்டிலேயே பதிவு செய்ய வழி செய்தது. நம் ஊர் வில்லங்கச் சான்றில் அடமானம் தெரிவதுபோல அங்கே கார்பன் உரிமையும் தெரியும். நிலத்தை வாங்குபவர் ஏமாற மாட்டார். 2011ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. அந்த நிலத்தில் பாத்தியதை உள்ளவர்கள், அடமானம் பிடித்த வங்கி உட்பட, சம்மதம் தர வேண்டும். அத்தையைக் கேட்டே ஆகவேண்டும் என்கிறது அந்த ஊர்ச் சட்டம்!

கோஸ்ட்டா ரிக்கா வேறு வழியில் போனது. 1996ஆம் ஆண்டு வனச் சட்டம், காடு செய்யும் நான்கு சேவைகளைச் சட்டப்படி ஏற்றது: கரியமில வாயுவைக் குறைத்தல், நீரைக் காத்தல், உயிரினங்களைக் காத்தல், இயற்கை அழகு. காட்டை வேறு பயனுக்கு மாற்றுவதைத் தடை செய்தது. கூடவே எரிபொருள் வரியில் ஒரு பங்கை எடுத்துக் காட்டுக்காரர்களுக்குக் கொடுத்தது. தடையும் உண்டு, கூலியும் உண்டு. வெளியூர் வியாபாரிக்குக் காத்திருக்கவில்லை.

கென்யாவில் காசி விரிகுடா என்று ஓர் இடம். அங்கே 117 ஹெக்டேர் சதுப்புநிலக் காட்டை ஊர் மக்கள் காக்கிறார்கள். திட்டத்தின் பெயர் 'மிக்கோக்கோ பமோஜா'. சுவாஹிலி மொழியில் 'சதுப்புக் காடும் நாமும் சேர்ந்து' என்று பொருள் கொள்ளலாம். ஆண்டுக்குச் சுமார் 3,000 டன் கிரெடிட். சிறிய அளவுதான். ஆனால் அந்தப் பணத்தில் குடிதண்ணீரும் பள்ளிக்கூட வசதியும் வந்தன. அந்தக் காடு அரசுக்குச் சொந்தம். பிறகு ஊர் மக்கள் எப்படி விற்றார்கள்? 2005ஆம் ஆண்டு வனச் சட்டம் ஊர் வனச் சங்கங்களுக்கு அரசோடு சேர்ந்து நிர்வகிக்கும் உரிமை தந்தது. அந்தச் சட்டம்தான் அஸ்திவாரம். அஸ்திவாரம் இல்லாமல் சுவர் எழும்புமா? அமைப்பியல் மாணவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை!

2023இல் கென்யா தன் காலநிலைச் சட்டத்தைத் திருத்தியது. நிலம் சார்ந்த கார்பன் திட்டங்கள் முந்தைய ஆண்டு வருமானத்தில் குறைந்தது 40 சதவீதத்தை ஊர் மக்களுக்குத் தர வேண்டும் என்று எழுதியது. 'நல்ல மனசு இருந்தால் கொடு' என்றில்லை, சட்டம், எண்ணோடு.

தென் அமெரிக்காவின் கயானா நாடு முழுக் காட்டையும் ஒரே கணக்காக்கி, 2022 டிசம்பரில் ஓர் எண்ணெய்க் கம்பெனிக்கு 3.75 கோடி கிரெடிட்டுகளைக் குறைந்தது 75 கோடி டாலருக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. அதில் 15 சதவீதம் பழங்குடிக் கிராமங்களுக்கு. நல்ல செய்திதான். ஆனால் எங்களிடம் சரியாகக் கலந்து பேசி ஒப்புதல் பெறவில்லை என்று அங்குள்ள பழங்குடி அமைப்பு ஒன்று முறையிட்டது. பணம் தந்தாலும் 'என்னைக் கேட்டாயா?' என்ற கேள்வி போய்விடாது என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

நம் நாட்டில் என்ன நிலை?

1976இல் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் காடு, மத்திய மாநில அரசுகளின் பொதுப் பட்டியலுக்கு வந்தது. 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம். எது 'காடு' என்பதில் பெரிய திருப்பத்தைத் தந்த வழக்கு நம் நீலகிரி மாவட்டம் கூடலூரில் பிறந்தது தெரியுமா? அங்கே மரம் வெட்டப்படுவதை எதிர்த்து டி.என். கோதவர்மன் திருமுல்பாட் 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த ஆணை: யாருக்குச் சொந்தமானாலும், அகராதிப் பொருளில் காடு எதுவோ அது காடு. அதே வழக்கின் தொடர்ச்சியாகத்தான், காட்டு நிலத்தை வேறு வேலைக்கு எடுப்பவர் காட்டின் 'நிகர இன்றைய மதிப்பை'க் கட்ட வேண்டும் என்ற முறையும் வந்தது. நிற்கிற காட்டுக்கு ரூபாயில் மதிப்புப் போடும் பழக்கம் நமக்கு அங்கிருந்தே பழகியது. அந்தப் பணத்துக்காக 2016இல் ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டம் வந்தது. 90 சதவீதம் மாநிலங்களுக்கு, 10 சதவீதம் மத்திய அரசுக்கு.

2006இல் வன உரிமைச் சட்டம். காட்டில் வாழும் மக்களுக்குச் சிறு வனப் பொருள்களின் மேல் உரிமை உண்டு என்கிறது. மூங்கில், தேன், மெழுகு, அரக்கு, பீடி இலை, மூலிகை என்று பட்டியல் நீள்கிறது. கரி அந்தப் பட்டியலில் பெயர் சொல்லப்படவில்லை. ஆனால் ஊர்க் காட்டைக் காக்கவும் வளர்க்கவும் நிர்வகிக்கவும் மக்களுக்கு உரிமை என்று 3ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. காத்தவருக்கு உரிமை என்றால் காத்ததால் கிடைத்த கரி? இங்கேதான் சட்டம் வாயை மூடிக்கொள்கிறது. காட்டுக் கரியின் உரிமையாளர் யார் என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை.

2015இல் இந்தியா உலகுக்கு ஒரு வாக்குக் கொடுத்தது: 2030க்குள் கூடுதல் காடு, மர வளத்தால் 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவைப் பிடித்துவைப்போம் என்று. 2018இல் தேசிய ரெட் பிளஸ் கொள்கை வெளியானது. 2022இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜூனில் கார்பன் கிரெடிட் வணிகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆனால் 2023 பிப்ரவரியில், வெளிநாட்டோடு 6ஆம் பிரிவில் வியாபாரம் செய்ய ஏற்ற 13 செயல்களை அரசு பட்டியலிட்டபோது, அந்த முதல் பட்டியலில் காடு இல்லை. இரட்டைக் கணக்கு முடிச்சை நினைத்துப் பாருங்கள், காரணம் ஊகிக்கலாம். 2023 அக்டோபரில் வந்த 'கிரீன் கிரெடிட்' வேறு கணக்கு. அதைக் கார்பன் கிரெடிட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சர்வேயர்களாகப் போகும் நமக்கு ஒரு குறிப்பு. கியோட்டோ முறைக்காக இந்தியா எடுத்துக்கொண்ட காட்டின் இலக்கணம்: குறைந்தது 0.05 ஹெக்டேர், 15 சதவீத மரக்கவிகை, 2 மீட்டர் உயரம். இந்திய வன அளவை நிறுவனம் தன் அறிக்கையில் கொள்வது 1 ஹெக்டேரும் 10 சதவீதமும். நீதிமன்றம் சொன்னதோ அகராதிப் பொருள். ஒரே நிலம் ஒரு பதிவேட்டில் காடு, இன்னொன்றில் காடு அல்ல! எந்த இலக்கணத்தில் அளக்கிறோம் என்று கேட்காமல் நாடாவை விரிக்காதீர்கள்.

மேகாலயா காட்டிய வழி

நம் நாட்டிலேயே முறையாக நடந்த ஒன்று உண்டு. மேகாலயாவின் காசி மலைகளில், உமியம் ஆற்றுப் பகுதியில், பத்து பாரம்பரிய ஆட்சி அமைப்புகள் – 'ஹிமா' என்பார்கள் – 62 கிராமங்களோடு ஒன்று சேர்ந்தன. சுமார் 27,000 ஹெக்டேர் நிலப்பரப்பில் ரெட் பிளஸ் திட்டம் தொடங்கினார்கள். தீத்தடுப்புப் பாதை வெட்டினார்கள், விறகு குறைவாகப் பிடிக்கும் அடுப்பு கொடுத்தார்கள், நலிந்த காடு தானாகத் துளிர்க்க இடம் விட்டார்கள். கிரெடிட் விற்ற பணம் ஊருக்கே வந்தது.

வேறு மாநிலங்களில் முடியாதது அங்கே எப்படி முடிந்தது? அரசியல் சட்டத்தின் ஆறாவது அட்டவணை! அங்கே காட்டின் பெரும்பகுதி அரசிடம் இல்லை. ஊரிடமும் குலங்களிடமும் உள்ளது. தன்னாட்சி மாவட்ட மன்றம் அதை அங்கீகரிக்கிறது. யார் காடு என்ற கேள்விக்கு ஏற்கெனவே விடை இருந்தது. அதனால் யார் கரி என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. தொழில்நுட்பம் எங்கும் ஒன்றுதான். உரிமை தெளிவாக இருந்த இடத்தில் அது வேலை செய்தது.

கையெழுத்துக்கு முன் ஏழு கேள்விகள்

ஆசிரியரோடு உட்கார்ந்து ஓர் அரைத்தாளில் இவற்றை எழுதினேன். உங்கள் வீட்டுத் திண்ணைக்கும் இப்படி ஒரு காகிதம் வரலாம். வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. விற்பது எது? மரமா, கரி மட்டுமா, நிலத்தின் மேல் உரிமையுமா? "எல்லாப் பலன்களும்" என்றால் காயும் கட்டையும் யாருக்கு?
2. எத்தனை வருஷம்? நிலத்தை விற்றாலோ, பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்தாலோ ஒப்பந்தம் என்ன ஆகும்?
3. பணம் மரக்கணக்கா, டன் கணக்கா, விற்ற விலையில் பங்கா? கம்பெனி என்ன விலைக்கு விற்றது என்று நமக்குக் கணக்குக் காட்டுமா?
4. புயலிலும் தீயிலும் மரம் போனால் நஷ்டம் யாருக்கு? வேண்டுமென்று வெட்டியதும் தானாக விழுந்ததும் ஒன்றா?
5. அளப்பது யார்? சரிபார்ப்பது யார்? அளந்த விவரத்தின் நகல் நமக்கு வருமா?
6. தகராறு வந்தால் எந்த ஊர்க் கோர்ட்? நம் தாலுகாவா, வெளிமாநிலமா, வெளிநாட்டு நடுவரா?
7. பட்டாவில் பெயர் உள்ளவர்களும் பாத்தியதை உள்ளவர்களும் எல்லாரும் சம்மதித்தார்களா? அவர்களுக்குப் புரியும் மொழியில் காகிதம் உண்டா?

ஏழாவது கேள்வியை எழுதும்போது எனக்கு அத்தை முகம்தான் நினைவுக்கு வந்தது.

மாசி மாதம் ஊருக்குப் போனபோது அரைத்தாளைப் பெரியப்பாவிடம் கொடுத்துப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதெல்லாம் அவனுங்களைக் கேட்டா நம்மள விட்டுட்டு அடுத்த ஊருக்குப் போயிருவானுங்கடா" என்றார்.

"போகட்டும் பெரியப்பா. முப்பது வருஷம் நம்மகூட இருக்கப்போறவங்க, முப்பது நிமிஷம் பதில் சொல்ல மாட்டாங்கன்னா?"

அன்று சாயங்காலம் அவரே அத்தைக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொன்னார். அத்தை சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது: "அண்ணே, மரம் வைக்கிறதும் வைக்காததும் அப்புறம். என்னைக் கேட்டியே, அது போதும்."

கேள்விகளைத் தமிழிலேயே எழுதிக் கம்பெனி ஆட்களிடம் கொடுத்திருக்கிறோம். இந்தக் கட்டுரை அச்சுக்குப் போகும்வரை பதில் வரவில்லை. காகிதம் பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் கையெழுத்தில்லாமல் இருக்கிறது. மேட்டு நிலத்தில் மட்டும் இருபது வேப்பங்கன்றுகள் வைத்திருக்கிறார், யாருக்கும் விற்பதற்கில்லை, நிழலுக்கு.

முடிவாக...

நண்பர்களே! கார்பன் சந்தை கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. காசி விரிகுடாவிலும் காசி மலையிலும் அது ஊருக்கு நன்மை செய்திருக்கிறது. காட்டைக் காப்பவருக்குக் கூலி கிடைப்பதில் என்ன தவறு? ஆனால் அந்த இரண்டு இடங்களிலும் பணம் வருவதற்கு முன்பே உரிமை வந்துவிட்டது. உரிமை இல்லாத இடத்தில் பணம் வந்தால் அது யாரிடம் போய்ச் சேரும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாளை நம்மில் பலர் இந்தத் துறையில் வேலைக்குப் போவோம். மரத்தை அளப்போம், வரைபடம் போடுவோம், செயற்கைக்கோள் படத்தைச் சரிபார்ப்போம். அளவுநாடாவின் ஒரு முனை நம் கையில் இருக்கும். மறு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் ஒரு பெரியப்பாவாக, ஓர் அத்தையாக, ஒரு காட்டுவாசியாக இருப்பார். "இதுல என்ன தம்பி எழுதியிருக்கு?" என்று அவர் கேட்பார். அன்றைக்கு உண்மையான பதிலைச் சொல்லும் அளவுக்காவது படித்து வைப்போம்.

வாழ்க காடு! வளர்க நம் பேரவை!